தொடர் நாவல் கேள்வி பதில்: நடுவில் ஏறினால் என்ன ஆகும்?

கே: ஜே.டி. ராப் எழுதும் 'இன் டெத்' வரிசையில் நாற்பதை ஒட்டிய நாவல் ஒன்று நூலகத்தில் கிடைத்தது. கொலைக் கதை புரிந்தது. யாருக்கு யார் என்ன உறவு என்பதுதான் பிடிபடவில்லை. முதலிலிருந்து படித்து வரவேண்டுமா? (வாசகி, திருச்சி)

ப: கொலைக்காக என்றால் வேண்டாம். ஒவ்வொரு நாவலிலும் வழக்கு அங்கேயே முடிந்துவிடும். முடியாமல் ஓடிக்கொண்டிருப்பது போலீஸ் அதிகாரி ஈவ் டல்லஸ், அவர் கணவர் ரோர்க் இருவரின் வாழ்க்கைதான். நோரா ராபர்ட்ஸ், ஜே.டி. ராப் என்ற புனைபெயரில் எழுதும் இந்த வரிசை 1995-இல் 'நேக்கட் இன் டெத்' நாவலில் தொடங்கி, இப்போது 60-ஐத் தாண்டிவிட்டது. ஆனால் கதைக்குள் காலம் மெதுவாக நகர்கிறது. 2058-இல் நியூயார்க்கில் ஆரம்பித்தவர்களுக்கு இன்னும் நான்கு ஆண்டுகூட முழுதாக ஆகவில்லை. ஒரு பாத்திரம் "போன வருஷம் நடந்தது" என்று சொன்னால், அது உங்களுக்கு இருபது புத்தகம் முன்னால் இருக்கலாம். குழப்பத்தின் வேர் இதுதான்.

முதல் மூன்றையும் வரிசையாகப் படியுங்கள். முதலில் ரோர்க் சந்தேக வளையத்தில் இருப்பவர்; மூன்றாவதில் கல்யாணம் வந்துவிடுகிறது; நான்காவது தேனிலவில் ஆரம்பிக்கிறது. அதற்குப் பிறகு தாவலாம், ஆனால் சிலவற்றை விடாதீர்கள். 'போர்ட்ரெய்ட் இன் டெத்' (2003) ரோர்க்கின் பிறப்பு பற்றியது. அதை அடுத்து வரும் 'இமிட்டேஷன் இன் டெத்' நாவலில் உதவியாளர் பீபடி துப்பறிவாளர் தேர்வு எழுதுகிறார். 'நியூயார்க் டு டல்லஸ்' (2011) ஈவின் குழந்தைப் பருவத்துக்குத் திரும்புகிறது. இந்தக் கடைசிப் புத்தகத்தின் தலைப்பில் 'இன் டெத்' கிடையாது. கடைத் தளத்தில் அந்தச் சொற்களை மட்டும் போட்டுத் தேடுகிறவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் இதைத்தான். எழுத்தாளர் பெயரால் தேடுங்கள்.

கே: 'இன் டெத்' நாவல்களின் பட்டியலில் 7.5, 12.5 என்றெல்லாம் எண் வருகிறதே? (வாசகர், கோவை)

ப: அவை குறுநாவல்கள். 'மிட்நைட் இன் டெத்' 1998-இல் பல எழுத்தாளர்கள் சேர்ந்த ஒரு தொகுப்பில் வந்தது. ஏழாவது, எட்டாவது நாவல்களுக்கு நடுவே நிற்பதால் 7.5. இந்த எண்ணைப் போட்டது பட்டியல்காரர்கள். அட்டையில் தேடினால் இருக்காது. படிக்காமல் விட்டாலும் பெரிய நஷ்டமில்லை.

காசு போகிற இடம் வேறு. 'ரிமம்பர் வென்' (2003) என்ற நாவலின் முதல் பாதி நோரா ராபர்ட்ஸ் பெயரில் இன்றைய காலத்தில் நடக்கும், பின்பாதி ஜே.டி. ராப் பெயரில் ஈவ் டல்லஸ் காலத்தில். அந்தப் பின்பாதியை மட்டும் பிரித்து 'பிக் ஜாக்' என்று தனியாகவும் விற்றார்கள். இரண்டையும் வாங்காதீர்கள். முதல் பாதி இல்லாமல் பின்பாதி அரைகுறையாக இருக்கும் என்பதால், வாங்கினால் முழுப் புத்தகமே நல்லது.

கே: பழைய புத்தகக் கடையில் அகதா கிறிஸ்டி நாவல் இரண்டு வாங்கினேன். வீட்டில் பிரித்தால் இரண்டும் ஒரே கதை! (வாசகர், மதுரை)

ப: ஒன்று பிரிட்டிஷ் பதிப்பு, இன்னொன்று அமெரிக்கப் பதிப்பாக இருக்கும். 'மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்' 1934-இல் அமெரிக்காவில் 'மர்டர் இன் தி கலே கோச்' ஆனது. 'லார்ட் எட்ஜ்வேர் டைஸ்' அங்கே 'தர்டீன் அட் டின்னர்'. 'ஸ்பார்க்ளிங் சயனைட்' அங்கே 'ரிமம்பர்ட் டெத்'. '4.50 ஃப்ரம் பாடிங்டன்' அங்கே 'வாட் மிசஸ் மெகில்லிகடி சா!'. அட்டையை நம்பாமல், தலைப்புத் தாளின் பின்புறம் உள்ள உரிமைப் பக்கத்தைப் பாருங்கள். காப்புரிமைக்கு நேரே இருக்கும் மிகப் பழைய ஆண்டுதான் நாவலின் ஆண்டு, மற்றவை மறுபதிப்பு. புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் இதற்கு உதவாது. ஒரே நாவலின் கெட்டி அட்டை, மெல்லிய அட்டை, மின்னூல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண்.

கிறிஸ்டியின் துப்பறிவாளர் பொவாரோ வரும் நாவல்களை வரிசை பார்க்காமல் படிக்கலாம் என்பார்கள். முக்கால்வாசி உண்மை. ஆனால் 'டம்ப் விட்னஸ்' (1937) நாவலில் பொவாரோ பேச்சுவாக்கில் முந்தைய நான்கு கதைகளின் கொலையாளிகள் பெயரைச் சொல்லிவிடுகிறார். 'தி மர்டர் ஆஃப் ராஜர் அக்ராய்ட்' படிக்காதவர் 'டம்ப் விட்னஸ்' நாவலை முதலில் எடுக்கவே கூடாது. பொவாரோவின் கடைசி வழக்கான 'கர்ட்டன்' கடைசியில்தான். 1975-இல் வெளிவந்தாலும் இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே எழுதி வைக்கப்பட்டது, அதனால்தான் அதன் நடை அதற்குச் சற்று முன்பு வந்தவற்றைவிட இறுக்கம்.

கே: தலைப்புக்கு ஒரு ஆங்கில எழுத்தாக சூ கிராஃப்டன் எழுதிய துப்பறியும் நாவல் வரிசையில் 'இசட்' எப்போது வரும்? (வாசகி, சேலம்)

ப: வராது. 1982-இல் 'ஏ'-யில் தொடங்கியவர், 2017-இல் 'ஒய்' வெளியிட்டு அந்த டிசம்பரில் காலமானார். வேறு யாரையும் எழுத விடப்போவதில்லை, எழுத்துக்கள் 'ஒய்' உடன் முடிந்தன என்று குடும்பத்தார் அறிவித்துவிட்டார்கள்.

கே: அடுத்த பாகம் வர ஒரு வருஷம் ஆகிறது. அதற்குள் பழையது மறந்துவிடுகிறது. மறுபடி படிக்க நேரமில்லை. (வாசகர், தஞ்சாவூர்)

ப: முடித்த அன்றே ஐந்து வரி எழுதி வையுங்கள். இன்றைக்கு யார் யாரோடு இருக்கிறார். யார் இறந்தார், யார் வேலை மாறினார். எந்த ரகசியம் யாருக்குத் தெரிந்துவிட்டது, யாருக்கு இன்னும் தெரியாது. முடியாமல் நிற்கும் பகை. கடைசிக் காட்சி நடந்த மாதம். கொலையாளி பெயரை எழுத வேண்டாம், அது அடுத்த பாகத்துக்குப் பெரும்பாலும் தேவைப்படாது, நோட்டை எடுத்துப் பார்க்கும் வீட்டுக்காரர்களுக்கும் கதை கெடாது. மூன்றாவது வரி ரொம்ப முக்கியம். காதலும் மர்மமும் கலந்த தொடர்களில் இழுத்துக்கொண்டு போவதே "அவளுக்குத் தெரியுமா" என்ற கேள்விதான். இணையச் சுருக்கங்களில் அது சரியாக இருக்காது. அவை வழக்கைத்தான் சொல்லும்.

கே: தமிழ் மாத நாவல்களில் வரிசை கண்டுபிடிப்பது எப்படி? (வாசகி, ஈரோடு)

ப: கஷ்டம். இதழில் இருக்கும் மாதம் அந்த இதழின் மாதமே தவிர, நாவல் எழுதப்பட்ட காலம் அல்ல. பழைய நாவல்கள் திரும்பத் திரும்ப மறுபதிப்பாக வருகின்றன, இரண்டைச் சேர்த்து ஒரே இதழாகவும் வரும். கதைக்குள்ளே பாருங்கள். டிரங்க் கால், பேஜர், செல்போன் மூன்றில் எது வருகிறது என்பதே தோராயமான காலத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். சுஜாதாவின் கணேஷ் கதைகளில் இன்னும் சுலபம்: 'நைலான் கயிறு' (1968) நாவலில் கணேஷ் மட்டும்தான், வசந்த் பிறகு வந்து சேர்ந்தவர். வசந்த் இல்லாத நாவல் பெரும்பாலும் ஆரம்ப காலத்தது.

கே: கிண்டிலில் 88 சதவீதத்திலேயே கதை முடிந்துவிட்டது. கோப்பு பழுதா? (வாசகர், நாகர்கோவில்)

ப: பழுதில்லை. மிச்சம் அடுத்த நாவலின் மாதிரி அத்தியாயமாக இருக்கும். அடுத்த பாகம் கையில் இல்லையென்றால் அதைத் தொடாதீர்கள். பல தொடர்களில் அந்த முதல் அத்தியாயத்திலேயே ஒரு பிணம் விழுந்துவிடும், பிறகு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.