1000001 முதன்மை எண் இல்லை, டீச்சர்

வணக்கம் டீச்சர். தலவாக்கலையில உங்க மாலை வகுப்புப் பிள்ளைகள் 1000001ஐ 2, 3, 5, 7, 11, 13, 37 என்று வகுத்துப் பார்த்து, ஒன்றும் சரிவராததால முதன்மை எண்தான் என்று அடம்பிடிக்கிறாங்க என்று எழுதியிருந்தீங்க. பிள்ளைகள் பாவம், கொஞ்சம் முன்னாடியே நிறுத்திட்டாங்க. 101ஆல் வகுக்கச் சொல்லுங்க: 101 × 9901 = 1000001.

வகுக்காமலே இதைப் பிடிக்கலாம். பத்து இலட்சம் என்பது 100இன் கனம். அதனால 100³ + 1³ = (100 + 1)(100² − 100 + 1). இரண்டாவது அடைப்புக்குள்ள இருப்பதுதான் 9901.

அவங்க கவனிச்சாங்களோ தெரியல, 7, 11, 13 மூன்றுக்கும் மீதி 2தான். 7 × 11 × 13 = 1001 என்பதால 1000க்கு மீதி −1; அதை வர்க்கித்தா 1; கூட ஒன்று சேர்த்தா 2. 37க்கும் மீதி 2தான், ஆனா காரணம் வேற: 999 = 27 × 37.

அடுத்து 9901 முதன்மை எண்ணா என்று கட்டாயம் கேப்பாங்க. ஆமா. அதன் வர்க்கமூலம் 100க்குள்ள, அதனால 97 வரை பார்த்தா போதும். அதிலும் இந்த எண்ணின் முதன்மைக் காரணி எதையும் 12ஆல் வகுத்தா மீதி 1 வரணும் (நிறுவல் உயர்தரத்துக்கு வரட்டும்). ஆக 13, 37, 61, 73, 97 மட்டும்தான். மீதிகள் முறையே 8, 22, 19, 46, 7.

நேரமிருந்தா 1ஐ 9901ஆல் கரும்பலகையில வகுக்க விடுங்க. 000100999899 என்ற பன்னிரண்டு இலக்கமும் திரும்பத் திரும்ப வரும். கல்குலேட்டர்ல அவ்வளவு இலக்கம் தெரியாது, கையாலதான் போடணும்.