பின்னுக்கு வராதீங்க, இரண்டாவதாகப் போங்க

கேள்வி: லைசென்ஸ் எடுத்து நான்கு மாதம் ஆகிறது. 110 சிசி ஸ்கூட்டர் வைத்திருக்கிறேன். வேலைக்கும் சந்தைக்கும் ஓடியதைத் தவிர தூரப் பயணம் போனதில்லை. அண்ணாவும் அவருடைய கூட்டாளிகள் நான்கு பேரும் வருகிற போயாவுக்கு அறுகம்பே போகிறார்கள், என்னையும் வரச் சொல்கிறார்கள். அவர்களிடம் இருப்பதெல்லாம் 150 சிசி பைக். "நீ கடைசியாக ஆறுதலாக வா" என்கிறார் அண்ணா. போகலாமா? என் தோழியும் பின்னால் ஏறி வர ஆசைப்படுகிறாள், ஏற்றலாமா?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: போகலாம். ஆனால் "கடைசியாக வா" என்பதை முதலில் மாற்றச் சொல்லுங்கள். புதிதாக ஓடுபவரைப் பின்னுக்கு விடுவது நம்மூர்ப் பழக்கம். அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் கூட்டமாகப் போகும்போது ஆகக் கூடுதலான வேகம் தேவைப்படுகிற இடமே கடைசி இடம்தான்.

காரணம் இது. மருதமுனையில் ஒரு பஸ் நிற்கிறது, முன்னால் போகிறவர் வேகத்தைக் குறைக்கிறார், பிறகு விலகி மறுபடி 60க்குப் போகிறார். அவர் கிளம்பி இரண்டு மூன்று வினாடி கழித்துத்தான் இரண்டாமவர் கிளம்புவார், அவருக்குப் பின் மூன்றாமவர். ஆறாவது ஆளாகிய உங்களிடம் அது வந்து சேரும்போது 12 வினாடி போய்விடும். 60 கிலோமீற்றர் வேகத்தில் 12 வினாடி என்றால் 200 மீற்றர். அந்த இடைவெளியை 70இல் ஓடி மூடுவதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல், ஏறக்குறைய 1,400 மீற்றர் ஓட வேண்டும். அதற்குள் அடுத்த பஸ் வந்துவிடும். முன்னால் போகிறவர் 60ஐத் தாண்டாமலே நாள் முழுவதும் ஓடலாம், நீங்கள் மட்டும் 70இலும் 75இலும் துரத்திக்கொண்டே இருப்பீர்கள்.

ஆகவே உங்கள் இடம் இரண்டாவது. முன்னால் அண்ணா போகட்டும். அவர் கண்ணாடியில் உங்களைப் பார்த்து, உங்கள் வேகத்துக்குத் தன் வேகத்தைப் பிடிப்பார். கூட்டத்திலேயே நிதானமாக ஓடுகிறவர், பஞ்சர் சாமான்களோடு கடைசியில் வர வேண்டும். அவரைத் தாண்டி யாரும் பின்னுக்குப் போகக் கூடாது.

இன்னொரு விஷயத்தை 150 சிசிக்காரர்கள் யோசிக்க மாட்டார்கள். கியர் பைக்கில் அக்சிலரேற்றரை விட்டாலே, அல்லது ஒரு கியர் குறைத்தாலே வண்டியின் வேகம் நன்றாக இறங்கிவிடும். அப்போது பின்னால் சிவப்பு லைட் எரியாது. உங்கள் ஸ்கூட்டருக்கு அந்த இழுவை குறைவு, அது உருண்டுகொண்டே போகும். முன் பைக்கின் பிரேக் லைட்டை மட்டும் நம்பினால் நெருங்கியது தெரியாமலே நெருங்கிவிடுவீர்கள். முன்னவர் ஒரு மின்கம்பத்தைத் தாண்டும்போது எண்ணத் தொடங்குங்கள், நீங்கள் அதே கம்பத்துக்கு வர இரண்டு வினாடியாவது ஆக வேண்டும். 60இல் அது 33 மீற்றர். உங்களுக்கு மூன்று வினாடி வைத்தாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கண் அவருடைய பின் லைட்டிலேயே ஒட்டிக்கிடக்கக் கூடாது. அவரைத் தாண்டி ரோட்டைப் பாருங்கள். அவர் குழியில் விழுந்தால் அவரையே பார்த்துக்கொண்டிருப்பவரும் அதே குழிக்குத்தான் போவார். உங்கள் வண்டியில் 10 அங்குலச் சில்லு என்றால் பைக் சும்மா ஏறி இறங்குகிற பள்ளம் உங்கள் கையைப் பிடுங்கும். பள்ளத்துக்கு முன்பே பிரேக் பிடித்து, பள்ளத்தில் இறங்கும்போது விட்டுவிடுங்கள்.

நேரான ரோட்டில் ஒருவர் லேனின் வலப்பக்கம், அடுத்தவர் இடப்பக்கம் என மாறி மாறிப் போவது வழக்கம். முன்னால் கிடப்பது தெரியும், சட்டென்று நிற்கவும் இடமிருக்கும். இரண்டாமவராகிய உங்களுக்கு இடப்பக்கம் வரும். அதற்காக ரோட்டு ஓரத்துக்கே போய்விடாதீர்கள், வாகனங்களின் இடச் சில்லு ஓடுகிற தடத்தில் நில்லுங்கள். ஓரத்தில் கடல் மணல் கிடக்கும். அறுவடைக் காலமென்றால் நெல் காயப்போட்டிருப்பார்கள். உலர்ந்த நெல்மணி ரயருக்குக் கீழே உருளும், அதில் முன் பிரேக்கைப் பிடித்தால் முன் சில்லு வழுக்கி விழுத்திவிடும். தவிர்க்க முடியாவிட்டால் ஹேண்டிலை நேராக வைத்து, பிரேக் தொடாமல், மெதுவாக ஏறிக் கடந்துவிட வேண்டும். வளைவிலும் பாலத்திலும் கல்முனை போன்ற நெரிசலிலும் இந்த வலம் இடம் ஒழுங்கை விட்டுவிட்டு ஒருவர் பின் ஒருவராகப் போங்கள்.

முந்துவதுதான் ஆபத்தான கட்டம். அண்ணா ஒரு பஸ்ஸை முந்தியதும் "வா" என்று கையைக் காட்டுவார். அந்தக் கையை நம்பாதீர்கள். அவர் முந்தியபோது ரோட்டு வெறுமையாக இருந்திருக்கும், நீங்கள் வெளியே வரும்போது எதிரே டிப்பர் வரலாம். 150 சிசி பைக் 50இலிருந்து 70க்கு ஏறுகிற நேரத்தில் உங்கள் ஸ்கூட்டர் ஏறாது. ஒவ்வொருவரும் தன் கண்ணால் பார்த்துத் தனியாக முந்த வேண்டும். முடியாவிட்டால் பஸ்ஸுக்குப் பின்னால் இருங்கள், அது அடுத்த தரிப்பில் நிற்கத்தான் போகிறது. முந்தியவர்கள் 50இல் போய்க்கொண்டிருந்தால் போதும், நீங்கள் வந்து சேர்ந்துவிடலாம்.

புறப்படுவதற்கு முன் எல்லோரும் இறங்கி நின்று பத்து நிமிடம் பேசுங்கள். 60க்கு மேல் போவதில்லை, பிரிந்துவிட்டால் எந்தச் சந்தியில் காத்திருப்பது, எங்கே நிற்பது, இவ்வளவும் வாயால் சொல்லி முடிவாக வேண்டும். காரைதீவு, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று மூன்று இடத்தில் நின்றால் எந்த ஓட்டமும் முக்கால் மணித்தியாலத்தைத் தாண்டாது. நிற்கும்போது வளைவில் நிற்காமல், எல்லா வண்டியையும் ரோட்டை விட்டு முழுவதும் இறக்கிவிடுங்கள். யாரும் ஓடிக்கொண்டே போன் எடுப்பதில்லை.

தூரத்தையும் சொல்லிவிடுகிறோம். களுவாஞ்சிக்குடியிலிருந்து அறுகம்பே போய்வரச் சுமார் 170 கிலோமீற்றர். சந்தைக்கு ஓடிய கைக்கு இது பெரிய பாய்ச்சல். போயாவுக்கு முந்தின ஞாயிறு அண்ணாவோடு மட்டும் அக்கரைப்பற்று வரை போய் வாருங்கள். கல்லாற்றுப் பாலம், கல்முனை நெரிசல், நிந்தவூரைத் தாண்டி வெளியான ரோட்டு எல்லாம் அதிலேயே வந்துவிடும். திரும்பி வந்து இறங்கும்போது தோளும் மணிக்கட்டும் விறைத்திருந்தால் ஹேண்டிலை இறுக்கிப் பிடித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம், இரண்டு மடங்கு தூரத்துக்கு இன்னும் கொஞ்சம் பழக வேண்டும். அந்த நிலையில் இந்தப் போயாவை விட்டுவிடுவதில் வெட்கமில்லை.

காலை ஆறு மணிக்குள் கிளம்புங்கள். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். அக்கரைப்பற்றைத் தாண்டினால் மறைப்பே இல்லாத வெளி, லேசான ஸ்கூட்டரைப் பக்கவாட்டில் தள்ளும். அப்போது கையை இறுக்கினால் வண்டி இன்னும் ஆடும். முழங்கையைத் தளர்த்தி, வேகத்தைக் குறைத்து, காற்று வரும் பக்கம் லேசாகச் சாய்ந்துகொடுங்கள். திரும்பும்போது பொழுது சாய்வதற்கு முன் கோமாரியைத் தாண்டிவிட வேண்டும். இருட்டில் ரோட்டில் படுத்துக் கிடக்கும் மாடு, பின் லைட் இல்லாத லேண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்), சில வேளை யானை. கடலில் குளித்துக் களைத்துப்போய் ஓடுவது அந்த நேரத்தில்தான்.

வண்டியை முதல் நாளே பாருங்கள். ரயர் குளிர்ந்திருக்கும்போது காற்று அடியுங்கள். பல 110 சிசி ஸ்கூட்டர்களுக்குத் தனியே ஓட முன்னுக்கு 22, பின்னுக்கு 29 பி.எஸ்.ஐ. வரும், உங்கள் வண்டியில் ஒட்டியிருக்கும் அளவே சரியான அளவு. இந்த எஞ்சின்கள் ஒரு லீற்றர் ஒயில்கூடப் பிடிக்காதவை, கொஞ்சம் குறைந்தாலும் பாதிக்கும், ஒயில் அளவு காட்டும் குச்சியைத் துடைத்துப் பார்த்துவிடுங்கள். பெற்றோல் தாங்கியும் 5 லீற்றர் அளவுதான். பைக்காரர்களின் தாங்கிக் கணக்கில் போகாமல் உங்கள் கணக்கில் எல்லோரும் நிற்க வேண்டும்: அக்கரைப்பற்றில் நிரப்புங்கள், பொத்துவிலில் திரும்பும்போது ஒருமுறை. லைசென்ஸ் அட்டையில் வகுப்பையும் பாருங்கள். ஏ1 மட்டும் இருந்தால் அது 100 சிசி வரைக்கும்தான், உங்கள் 110க்கு ஏ வேண்டும். விபத்து ஒன்று நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான்.

முகத்தை முழுதாக மூடுகிற ஹெல்மெட் போடுங்கள், எஸ்.எல்.எஸ். (இலங்கைத் தரக் கட்டளை) முத்திரை இருக்கட்டும், கண்ணாடி நிறமற்றதாக இருக்கட்டும். நாடிக்குக் கீழே வாரைப் பூட்டினால் இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது. சால் போடுவதென்றால் நுனி இரண்டையும் சட்டைக்குள் செருகிவிடுங்கள். பறக்கும் சால் பின் சில்லில் சிக்கினால் கழுத்தோடு இழுத்துவிடும். மூடின சப்பாத்து, முழுக்கை. ஏதும் நடந்துவிட்டால் அம்புலன்ஸுக்கு 1990, காசு கேட்கமாட்டார்கள், பொலிஸ் 119.

தோழியை இந்த முறை ஏற்ற வேண்டாம். பின்னால் 50 கிலோ ஏறினால் நிற்க எடுக்கும் தூரம் கூடும், முந்துகிற வலு குறையும், முன் சில்லு லேசாகி மணலில் ஹேண்டில் சொல்வழி கேட்காது. பின் ரயருக்கு 36 பி.எஸ்.ஐ. வரை காற்றும் வேண்டும். வளைவில் அவர் பயந்து எதிர்ப்பக்கம் சாய்ந்தால் வண்டியை நிமிர்த்த உங்களுக்கு இன்னும் பழக்கமில்லை. அவர் வந்தே ஆகவேண்டும் என்றால் ஆறுதலாக ஓடுகிற அந்தக் கடைசி ஆளின் பைக்கில் ஏறட்டும், அவருக்கும் ஒரு ஹெல்மெட் எடுத்து வையுங்கள். நீங்கள் அவரை ஏற்றுவதென்றால், முதலில் களுவாஞ்சிக்குடிக்கும் கல்முனைக்கும் இடையில் சில முறை டபிள் ஓடிப் பழகிய பிறகு பார்க்கலாம்.