மூளைச்சாவும் மரணமும்

மதிப்பிற்குரிய ஐயா,

விபத்தில் தலையில் அடிபட்ட என் சித்தப்பாவுக்கு மூளைச்சாவு ஏற்பட்டுவிட்டதாக மருத்துவர்கள் கூறியபோது, அவருடைய மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது; உடலும் சூடாக இருந்தது. நாங்கள் உறுப்பு தானத்துக்குச் சம்மதித்தோம். இருந்த உயிரை நீங்களே எடுத்துவிட்டீர்கள் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் கிளினிக்கல் டெத், பிரெயின் டெத் என்றெல்லாம் சொல்கிறார்களே, இவற்றில் எதுதான் மரணம்?

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் குடும்பத்தின் துயரத்தில் பங்குகொள்கிறேன். மூளைச்சாவு முறைப்படி உறுதிசெய்யப்பட்டிருந்தால், நீங்கள் சம்மதம் தரும் முன்பே அவர் இறந்துவிட்டார். மார்பை அசைத்தது செயற்கை மூச்சுக் கருவியான வெண்டிலேட்டர். இதயம் தன் துடிப்பைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் உறுப்பு என்பதால், ஆக்சிஜன் கிடைக்கும்போது அது மேலும் சில காலம் துடிக்கும். உடல் சூடாக இருந்தது அதனால்தான்.

கிளினிக்கல் டெத் என்பது இதயமும் மூச்சும் நின்ற நிலை. உடனே நெஞ்சை அழுத்திச் சிகிச்சை தந்தால் சிலர் பிழைத்துவிடுவதால், அதை முடிவான மரணமாகக் கொள்வதற்கில்லை. மூளைச்சாவு, அதாவது பிரெயின் டெத், மூளைத்தண்டு உட்பட மூளையின் செயல்பாடு நிரந்தரமாக நின்றுவிட்ட நிலை; அதில் அப்படி மீள வழியே இல்லை. உயிரோடு நினைவிழந்து கிடக்கும் நிலையான கோமாவுடன் பலர் இதைக் குழப்பிக்கொள்வதற்கு மருத்துவர்களும் ஒரு காரணம்: இந்நிலைக்கு முதன்முதலில் விரிவான அளவுகோல்களை வகுத்த அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரிக் குழு, 1968-இல் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பிலேயே இதை ‘மீளாத கோமா’ என்றுதான் அழைத்தது.

நம் நாட்டில் இதை உறுதிசெய்யும் முறை மிகக் கண்டிப்பானது. கண்மணியில் ஒளி பாய்ச்சியும், விழிப்படலத்தைப் பஞ்சால் தொட்டும், காதுக்குள் குளிர்ந்த நீரைச் செலுத்தியும் பார்ப்பார்கள். இறுதியாக வெண்டிலேட்டரைப் பிரித்து, குழாய் வழியே ஆக்சிஜனை மட்டும் கொடுத்துக் காத்திருப்பார்கள். இரத்தத்தில் கரியமில வாயு ஏற ஏற, மூச்சை இயக்கும் பகுதியான மூளைத்தண்டில் சிறிதளவு செயல் எஞ்சியிருந்தாலும் உடல் மூச்சிழுக்க முயலும். அந்த முயற்சிகூட இல்லை என்பதைக் கண்ணால் பார்த்த பின்னரே எழுதிவைப்பார்கள். குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் எல்லாச் சோதனைகளும் மறுபடி செய்யப்படும். சான்றிதழில் 4 மருத்துவர்கள் கையெழுத்திட வேண்டும். உறுப்பு மாற்று அறுவைக் குழுவினர் எவரும் அந்த நால்வரில் இருக்கக் கூடாது.

உறவினர்களின் சந்தேகத்துக்குச் சட்டமும் இடம் தந்திருக்கிறது என்பது என் வருத்தம். 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைத்தண்டுச் சாவை மரணம் என்று வெளிப்படையாக ஏற்கிறது. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமோ, உயிரின் அறிகுறிகள் அனைத்தும் நிரந்தரமாக மறைவதே மரணம் என்று சொல்லி, மூளையைப் பற்றிப் பேசாமலே நிறுத்திவிடுகிறது. ஆகவே, தானத்துக்கு மறுக்கும் குடும்பத்தில் அதே நிலையில் இருப்பவரின் வெண்டிலேட்டரை நிறுத்த மருத்துவர்கள் தயங்குகிறார்கள். ஒருவர் இறந்தாரா இல்லையா என்பது அவருடைய உறவினர் இடும் கையெழுத்தைப் பொறுத்தது என்ற தோற்றம் இதனால்தான் உருவாகிறது. தானம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் மூளைச்சாவு மரணமே என்று கேரள அரசு 2020-இல் வழிகாட்டுநெறிகளை வெளியிட்டது. நாடாளுமன்றம் 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறையைத் திருத்தி, இதை நாடு முழுவதற்கும் பொதுவாக்க வேண்டும்.