மேற்கு பார்த்த சைட்டும் கண்ணாடி எலிவேஷனும்

வீடு கட்டப்போகிறவர்களும், கட்டி முடித்துவிட்டுத் திண்டாடுகிறவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு பெங்களூரு கட்டடக் கலைஞர் ஒருவர் பதில் சொல்கிறார்.

ஹொரமாவுவில் முப்பதுக்கு நாற்பது சைட் வாங்கியிருக்கிறோம். மேற்கு பார்த்தது. முன்பக்கம் இரண்டு மாடிக்கும் சேர்த்து ஒரே கண்ணாடியாக வைத்து இன்ஜினீயர் படம் காட்டினார். வீட்டில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. மாமனார் மட்டும் "வெயில் அடிக்குமே" என்கிறார். பெங்களூரில் அப்படி என்ன வெயில்?
– ஹொரமாவு வாசகர்

உங்கள் மாமனாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். கட்டணம் வாங்காமல் சரியான ஆலோசனை சொல்கிற ஒரே ஆள் அவர்தான்.

"பெங்களூரில் என்ன வெயில்" என்கிற பேச்சை, 2016 ஏப்ரலில் இந்த ஊரில் 39.2 டிகிரி அடித்தபோதே நாம் விட்டிருக்க வேண்டும். ஆனால் உங்கள் வீட்டுப் பிரச்சினை டிகிரி அல்ல, வெயில் வருகிற கோணம். உச்சி வெயிலைத் தடுப்பது சுலபம். ஜன்னலுக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டு நிழல் தருகிற தளம், அதாவது சஜ்ஜா, இரண்டடி இருந்தால் பெரும்பாலும் போதும். மேற்கு வெயில் அப்படி இல்லை. மார்ச் மாதத்தில் மாலை நாலரை மணிக்குச் சூரியன் சுமார் 30 டிகிரி உயரத்தில் நிற்கும். அப்போது நாலடி உயர ஜன்னலுக்கு முழு நிழல் வேண்டுமென்றால் சஜ்ஜா ஏழடி நீண்டிருக்க வேண்டும். ஐந்தரைக்கு எந்த சஜ்ஜாவும் எடுபடாது. இரண்டு மாடி உயரத்துக்குக் கண்ணாடி வைத்துவிட்டு, அதன் உள்பக்கம் கனமான திரை போட்டு, திரைக்குப் பின்னால் பகலிலேயே லைட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வீடுகள் நம் ஊரில் ஏராளம். கண்ணாடிக்கு ஒரு செலவு, திரைக்கு ஒரு செலவு, கரண்டுக்கு ஒரு செலவு.

மேற்கில் வேண்டியது நிற்கிற தடுப்பு. மாடிப்படியை முகப்புக்கே கொண்டு வாருங்கள். மாடிப்படியில் யாரும் உட்கார்ந்து காபி குடிப்பதில்லை. அது சூடானால் யாருக்கும் நஷ்டமில்லை. அதை அடுத்து டாய்லெட், ஸ்டோர். கார் நிறுத்துகிற இடத்துக்கு மேலே ஆழமான பால்கனி, அதன் முகத்தில் செங்கல் ஜாலி, அதாவது இடையிடையே ஓட்டை விட்டுக் கட்டிய செங்கல் தடுப்பு. எலிவேஷன் அழகாக வேண்டும் என்றால் அந்த ஜாலியில் காட்டச் சொல்லுங்கள். இன்ஜினீயரின் கைவண்ணத்துக்கு அங்கே நிறைய இடம் உண்டு.

வாஸ்துக்காரர் வந்து தென்மேற்கில் மாஸ்டர் பெட்ரூம் என்பார். உங்கள் சைட்டில் அதுதான் அதிகம் வேகிற மூலை. சண்டை போடாதீர்கள், பெட்ரூமை அங்கேயே வையுங்கள். மேற்குச் சுவர் முழுக்க வார்ட்ரோப் அடித்துவிடுங்கள். ஜன்னல் தெற்கே இருக்கட்டும். அந்த ஒரு சுவரை மட்டும் வழக்கமான ஆறு அங்குல சாலிட் பிளாக்கில் கட்டாமல் ஒன்பது அங்குலச் செங்கல்லில் நடுவே இடைவெளி விட்டுக் கட்டச் சொல்லுங்கள். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டு இதுதான். செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்திக் கட்டுவதால் உள்ளே காற்று அடைபடும், செங்கல்லும் ஏறக்குறைய கால் பங்கு மிச்சம்.

இன்னொன்று. நம் லேஅவுட்களில் வடக்கிலும் தெற்கிலும் மூன்றடிச் சந்து விட்டு அடுத்த வீட்டுச் சுவர் நிற்கும். பிளானில் ஜன்னல் இருக்கும், வீட்டில் வெளிச்சம் இருக்காது. வீட்டின் நடுவில் நாலடிக்கு ஆறடி ஓ.டி.எஸ்., அதாவது மேலே வானம் தெரிகிற திறப்பு, ஒன்றை விடுங்கள். "இடம் வீண்" என்பார்கள். அந்த 24 சதுர அடியால்தான் மிச்ச வீடு மூச்சுவிடும்.

அல்சூரில் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். எங்களுக்கு மேலே மொட்டை மாடிதான். பகலில்கூட ஒரு மாதிரி சமாளித்துவிடலாம், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் வேகிறது. ஏ.சி. வாங்கிக்கொள் என்கிறான் பையன்.
– அல்சூர் வாசகி

அம்மா, ஏ.சி.க்கு முன்னால் ஒரு மூட்டை சுண்ணாம்பு வாங்கச் சொல்லுங்கள்.

கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு, சாயந்திரத்துக்கு மேல் அதைக் கீழே இறக்கும். மேற்குச் சுவர் அதைவிட மெதுவான ஆள். நாலு மணிக்கு வாங்கிய சூட்டைப் பத்து மணிக்கு உங்கள் கட்டிலருகே கொண்டுவந்து கொடுக்கும். அந்த நேரத்தில் ஃபேனைப் போட்டால், தளத்தை ஒட்டி நிற்கிற சூடான காற்றைத்தான் அது கீழே தள்ளுகிறது. உங்களுக்கு வேகிறது என்றால் அது பிரமை இல்லை.

வீட்டுக்காரரிடம் அனுமதி கேளுங்கள். பிப்ரவரியில் மொட்டை மாடியைத் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவி, காய்ந்ததும் சுண்ணாம்போடு கொஞ்சம் வெள்ளை சிமென்டும் பசையும் கலந்து இரண்டு கோட்டிங் அடிக்க வேண்டும். முதல் கோட்டிங் கிழக்கு மேற்காக என்றால் இரண்டாவது வடக்கு தெற்காக. மழைக்காலத்தில் கொஞ்சம் போய்விடும், அடுத்த வருஷமும் அடிக்க வேண்டியிருக்கும். வீட்டுக்காரர் செலவு செய்யத் தயார் என்றால் உடைந்த வெள்ளை ஓட்டுச் சில்லுகளைப் பதித்துவிடலாம், அது பல வருஷம் நிற்கும். கறுப்பு வாட்டர்ப்ரூஃப் ஷீட் மட்டும் வேண்டாம். ஒழுகல் நிற்கும், நீங்கள் நிற்க முடியாது.

அப்புறம் ஜன்னல். பெங்களூருக்குக் கிடைத்த வரம் ராத்திரிக் குளிர்ச்சி. ஏப்ரலில் பகல் 34 டிகிரி இருந்தாலும் இரவில் 22 வரை இறங்கும். சென்னைக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது. ஏழு மணிக்கு மேல் எதிரெதிர் ஜன்னல்களைத் திறங்கள், கொசுவலை அடித்துக்கொள்ளுங்கள். ஒரு டேபிள் ஃபேனை ஜன்னலில் வெளியே பார்க்க வைத்து ஓடவிடுங்கள். காலை ஒன்பதுக்கு எல்லாவற்றையும் சாத்திவிட வேண்டும். பகலில் "காற்று வரட்டும்" என்று திறந்து வைப்பதுதான் பாதிப் பிரச்சினை.

பி.ஆர்க். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இடத்துக்குப் பொருந்தும் டிசைன் என்றால் எல்லோரும் சிமுலேஷன் சாஃப்ட்வேர் பற்றியே பேசுகிறார்கள். கையால் செய்யும் முறை ஏதாவது உண்டா?
– மாணவர், யெலஹங்கா

உண்டு தம்பி. மஹோனி அட்டவணை என்று தேடிப் பாருங்கள். கார்ல் மஹோனி உருவாக்கி, ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர், மார்ட்டின் எவான்ஸ் ஆகியோரோடு சேர்ந்து 1971-ல் ஐ.நா. சபை வழியாக வெளியிட்டது. மாதவாரியாக அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலை, ஈரப்பதம், மழை, காற்று இவ்வளவுதான் தேவை. அதை நிரப்பிக்கொண்டே போனால், கட்டடத்தை எந்தத் திசையில் நீட்டுவது, அறைகளை ஒற்றை வரிசையாக வைப்பதா, ஜன்னல் எவ்வளவு பெரிதாக இருக்கலாம், சுவர் கனமா லேசா என்று கடைசியில் ஒரு பட்டியல் விழும். கோடு போடத் தொடங்கும் முன்பே இது கையில் இருந்தால் பிறகு அழித்து அழித்துப் போட வேண்டியதில்லை.

இதில் நம் ஊருக்கு ஒரு பங்கு இருக்கிறது. ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து வெளியேறிய கோனிக்ஸ்பெர்கர் 1939-ல் மைசூர் சமஸ்தானத்தின் தலைமைக் கட்டடக் கலைஞராக இங்கே வந்தவர். இந்திய அறிவியல் கழக வளாகத்தில் அவர் வடிவமைத்த கட்டடங்கள் இருக்கின்றன. அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு மத்தியானம் போய், எங்கே நிழல் விழுகிறது என்று பாருங்கள். வெப்ப மண்டலக் கட்டடக் கலையை லண்டனில் பாடமாகவே நடத்தியவர், அதற்கு முன் நம் வெயிலில் வேலை பார்த்தார்.

ஒரு கணக்கு தருகிறேன், போட்டுப் பாருங்கள். டெல்லியில் தெற்கு ஜன்னலுக்கு மேல் இரண்டடி சஜ்ஜா. டிசம்பர் உச்சியில் சூரியன் 38 டிகிரி உயரம்தான், குளிர்கால வெயில் அறைக்குள் வரும். ஜூன் உச்சியில் 85 டிகிரி, ஒரு துளி வெயிலும் உள்ளே வராது. அதே சஜ்ஜாவை பெங்களூருக்குக் கொண்டு வாருங்கள். இங்கே ஏப்ரல் கடைசியில் சூரியன் உச்சந்தலைக்கு வந்து, ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிப்பொழுதில் வடக்குப் பக்கமே நிற்கும். வடக்கு ஜன்னலுக்கு சஜ்ஜாவே வேண்டாம் என்று டெல்லிக்காரர் எழுதியதை இங்கே நகலெடுத்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே வரைந்து பாருங்கள்.

சைட்டுக்கும் போங்கள். பக்கத்து டீக்கடையில் மழை நாளில் தண்ணீர் எங்கே நிற்கும் என்று கேட்டால், எந்த சாஃப்ட்வேரிலும் இல்லாத தகவல் கிடைக்கும்.

கே.ஆர்.புரம் அருகே மண் பிளாக்கில் வீடு கட்ட ஆசை. திருப்பத்தூரிலிருந்து அத்தை போன் செய்து, "காசு கொடுத்து மண் வீடு கட்டுவாளா ஒருத்தி? ரெண்டு மழைக்குக் கரைஞ்சிடும்" என்கிறார். என்ன பதில் சொல்வது?
– கே.ஆர்.புரம் வாசகி

அத்தை பார்த்தது பச்சை மண் சுவர். அது கரையும், அவர் சொல்வது நியாயம். நீங்கள் கேட்பது சுமார் 7 சதவீதம் சிமென்ட் கலந்து மெஷினில் அழுத்திய கல். இந்திய அறிவியல் கழகத்தில் 1974-ல் தொடங்கிய 'அஸ்த்ரா' குழு இதில் பல வருஷம் வேலை செய்தது. நம் ஊரில் இந்த வேலை தெரிந்த ஆட்கள் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

உங்கள் சைட் மண் ஆகுமா என்று வீட்டிலேயே பார்க்கலாம். மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு அதற்குக் கீழே தோண்டிய மண்ணை ஹார்லிக்ஸ் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, தண்ணீர் நிரப்பி, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிஷத்தில் அடியில் உட்காரும். வண்டல் அதற்கு மேல். களிமண் ராத்திரி முழுக்க எடுத்துக்கொண்டு உச்சியில் மெல்லிய அடுக்காக இறங்கும். மணல் மூன்றில் இரண்டு பங்கு, களிமண் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் என்று இருந்தால் நல்லது. நம் செம்மண்ணில் களிமண் கூடுதலாக வருவது வழக்கம். குவாரி டஸ்ட்டோ எம்-சாண்டோ கலந்தால் சரியாகிவிடும். கரிசல் மண் என்றால் இந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

கல் அறுத்ததும் மேஸ்திரிகள் அவசரப்படுவார்கள். விடாதீர்கள். ஈரச் சாக்குப் போட்டு மூன்று வாரமாவது தண்ணீர் காட்ட வேண்டும். காய்ந்த கல் ஒன்றை எடுத்து ராத்திரி முழுக்க பக்கெட் தண்ணீரில் போட்டு வைத்து, காலையில் விரல் நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பாருங்கள். குழைந்தால் அந்த லாட் வேண்டாம். நல்ல கல்லில் நகம்தான் தேயும். இந்தச் சோதனையை அத்தையை வரவழைத்து அவர் முன்னால் செய்யுங்கள், போனில் பதில் சொல்லத் தேவை இருக்காது.

கட்டும்போது: அஸ்திவாரம் சைஸ் கல்லில் (அளவாக உடைத்த கருங்கல்), தரைமட்டத்திலிருந்து ஒன்றரை அடிக்காவது மண் கல் வேண்டாம். மழை சாய்ந்து அடிக்கிற பக்கம் சஜ்ஜா நன்றாக நீளட்டும். பாத்ரூம் உள்பக்கம் பூசித்தான் ஆக வேண்டும். எலக்ட்ரீஷியனை முதல் வரிசை கல் வைப்பதற்கு முன்பே கூப்பிட்டு எந்த சுவிட்ச் எங்கே என்று முடிவு செய்துவிடுங்கள். பூசாத சுவரில் பின்னால் காடி வெட்டினால் அந்த வடு சாகும்வரை கண்ணை உறுத்தும்.

பாதி விலையில் வீடு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பூச்சும் பெயின்டும் மிச்சம், ஆனால் கை வேலைக்கூலி ஏறும். மிச்சம் பிடிக்க ஆசையென்றால் கூரையில் பிடியுங்கள். தளத்தின் அடிப்பாகத்தில் கம்பிகளுக்கு நடுவே இருக்கிற கான்கிரீட், பாரம் தாங்குவதில் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. அங்கே மங்களூர் ஓடுகளை வைத்து வார்க்கலாம். இதுவும் பேக்கர் பிரபலமாக்கியதுதான். கம்பி இடைவெளியை மட்டும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் போட்டுத் தரட்டும், மேஸ்திரியின் அனுபவம் இங்கே போதாது.

மும்பை செம்பூரில் பதினாலாவது மாடியில் புது ஃபிளாட். ஜூன் பிறந்தால் துணி காய்வதில்லை, அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை. இவ்வளவு உயரத்தில் காற்று வர வேண்டாமா?
– செம்பூர் வாசகர்

வெளியே காற்று வந்துகொண்டுதான் இருக்கிறது. உங்கள் ஜன்னல் ஸ்லைடிங்காக இருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டு கதவு ஸ்லைடிங்கில் எப்போதும் பாதிதான் திறக்கும். வீடுகளுக்கென 2018-ல் வந்த மத்திய எரிசக்தி விதிமுறை, மும்பை போன்ற புழுக்கமான ஊர்களில் திறக்கக்கூடிய பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது வேண்டும் என்கிறது. பெங்களூருக்கும் டெல்லிக்கும் எட்டில் ஒரு பங்கு. டேப்பை எடுத்து அளந்து பாருங்கள்.

சொசைட்டி சம்மதித்தால் ஒரு ஜன்னலையாவது வெளியே திறக்கிற கீல் ஜன்னலாக மாற்றுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியை மூன்று அங்குலம் தள்ளிப் போடுங்கள். மழைக்காலத்தில் மெயின் கதவுக்கு வலைக்கதவு வைத்துத் திறந்து விட்டால்தான் காற்றுக்கு வெளியேற வழி கிடைக்கும். உங்கள் ஊர் கம்பாலா ஹில்லில் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியாவின் காஞ்சன்ஜங்கா கட்டடம் 1983-ல் முடிந்தது. மேற்கிலிருந்துதான் கடல்காற்று, மேற்கிலிருந்துதான் மழையும் வெயிலும். அதனால் பழைய பங்களாக்களின் வராண்டா வேலையைச் செய்யும் ஆழமான மாடித் தோட்டத்தை ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் கொடுத்தார். உங்கள் பில்டர் பால்கனியை ஹாலோடு சேர்த்துக் கொடுத்து சதுர அடி கணக்கில் விற்றிருப்பார்.

மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்கிறார்கள். ஒரு டிரம்மை வைத்துக் காட்டிவிட்டால் போதும் என்கிறார் கான்ட்ராக்டர். செய்யலாமா?
– பனசவாடி வாசகர்

2024 மார்ச்சில் டேங்கருக்காகக் காத்திருந்தவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். முப்பதுக்கு நாற்பதும் அதற்கு மேலும் உள்ள சைட்டில் புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு இங்கே 2009 முதலே கட்டாயம். ஆனால் சட்டத்தை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். 100 சதுர மீட்டர் மொட்டை மாடி, வருஷத்துக்கு ஏறக்குறைய 970 மில்லிமீட்டர் மழை. ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 77,000 லிட்டர் வரும். இதை 200 லிட்டர் டிரம்மில் பிடிக்கப் போகிறாரா உங்கள் கான்ட்ராக்டர்?

முதல் மழை அழுக்கை வெளியே விட ஒரு வால்வு, ஒரு ஃபில்டர், அங்கிருந்து சம்ப்புக்கு (நிலத்தடித் தொட்டி), சம்ப் நிரம்பி வழிவது உறைக்கிணற்றுக்கு. போர்வெல் குழாய்க்குள் நேராக விடாதீர்கள், அழுக்கு இறங்கினால் எடுக்க முடியாது. பைப் போகிற வழியைப் பிளானிலேயே குறித்துவிடுங்கள். சம்ப் மூடி கார் நிற்கிற இடத்தில் வர வேண்டாம். சுத்தம் செய்ய ஆள் வருகிற அன்றைக்குப் பார்த்து, கார் சாவி வெளியூர் போயிருக்கும்.