முகாமில் பிறந்தாலும் நீங்கள் இந்தியக் குடிமகன்தான்

தம்பி, அப்பா இலங்கைத் தமிழர், அம்மா ஊத்தங்கரையிலேயே பிறந்தவர், நீங்கள் 1996-இல் இங்குள்ள அகதிகள் முகாமில் பிறந்தீர்கள். குடியுரிமை விதிகளை இன்னும் இறுக்கப்போகிறார்கள் என்ற பேச்சைக் கேட்டு, அதற்குள் மனுப் போட்டுவிடலாமா என்கிறீர்கள். அவசரப்பட்டு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

1955 குடியுரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவைப் பாருங்கள். 1.7.1987 முதல் 2.12.2004 வரை இந்தியாவில் பிறந்தவருக்கு, பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தாலே போதும். குடியுரிமை கேட்டு மனுப் போட்டால், வெளிநாட்டவர் என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். முன்பு 1986-இலும் 2003-இலும் இந்தப் பிரிவை இறுக்கியபோதுகூட, புது நிபந்தனை அதன்பின் பிறந்தவர்களுக்குத்தான்.

உங்களுக்கு முக்கியம் அம்மாவின் காகிதங்கள். அவருடைய பள்ளி டி.சி., பிறப்புச் சான்றிதழ், பழைய வாக்காளர் பட்டியல் நகல் எல்லாவற்றையும் தேடி எடுங்கள். டி.சி.யில் தாத்தா இனிஷியல், உங்கள் பிறப்புச் சான்றிதழில் அம்மா பெயருக்கு அப்பா இனிஷியல் என்று இருந்தால் அங்கேதான் இழுத்தடிப்பார்கள். திருமணப் பதிவுச் சான்றையும் சேர்த்து வையுங்கள். ஆதார் குடியுரிமைக்குச் சான்றாகாது. எல்லாம் சேர்ந்ததும் நேராகப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பியுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த பெண்ணுக்குப் பாஸ்போர்ட் தரச் சொல்லி 2022-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது.

2006-இல் பிறந்த தங்கை நிலைமைதான் எனக்குக் கவலை. அவளுக்கு அப்பா 'சட்டவிரோதக் குடியேறி' (உரிய ஆவணமில்லாமல் வந்தவர் அல்லது அனுமதிக் காலம் தாண்டித் தங்கியவர்) அல்ல என்றும் காட்ட வேண்டும். அவளைக் கிருஷ்ணகிரி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அழைத்துப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச வக்கீல் உண்டு.