ஒற்றை நட்சத்திரத்தை மறைக்காதீங்கள்

அண்ணா, நிலாவெளியில விடுதி நடத்துறீங்கள், புறாத்தீவுக்குப் போற வள்ளம் பிந்தினதுக்கு ஒருத்தர் மதிப்புரையில ஒற்றை நட்சத்திரம் போட்டிட்டார், நாலு நட்சத்திரத்துக்குக் குறைஞ்ச மதிப்புரைகளை உங்கட இணையத்தளத்தில மறைக்கலாமோ என்று கேட்டிருக்கிறீங்கள். தயவுசெய்து மறைக்காதீங்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் வியாபாரத்தில ஆக்களைத் தவறாக வழிநடத்துறதைத் தடுக்குது. நல்லதை மட்டும் காட்டுறதும் அதில சேரும் என்றுதான் நான் நினைக்கிறன்.

வசைச்சொல், மற்றவரின் தொலைபேசி எண், விளம்பரம், உங்களிட்டத் தங்காதவர் எழுதினது: இதுகளை மட்டும் நீக்குவம் என்று விதியில முதலே எழுதிவையுங்கோ. குறை சொன்னதுக்காக ஒன்றையும் எடுக்கமாட்டம் என்றும் எழுதுங்கோ.

உண்மையில ஆக்கள் வாசிக்கிறது உங்கட பதிலைத்தான். “கடல் சரியில்லை” என்று சமாளிக்காதீங்கள். மே தொடக்கம் செப்டெம்பர் வரை இங்க கடல் அமைதி என்று வாறவைக்கும் தெரியும். “ஏழு மணி வள்ளம் எட்டரைக்குத்தான் வந்தது, பிழை எங்கட. இப்ப முதல்நாள் இரவே வள்ளக்காரரோட கதைச்சு நேரத்தை உறுதிப்படுத்துறம்” என்று எழுதுங்கோ. நான் அறை தேடினாலும் இப்படிப் பதில் போட்ட இடத்துக்குத்தான் முதல் அழைப்பன்.

அஞ்சு நட்சத்திரம் போடுறவைக்கு இராச்சாப்பாடு இலவசம் என்ற யோசனையையும் விடுங்கோ. கூகுள் வரைபடத்தில அப்படி வாங்கின மதிப்புரையை கூகுள்காரரே நீக்கலாம்.