இரண்டாம் பாகம் ஊத்திக்கொண்டால் ரைடை மூடிவிடுவார்களா?

அரையாண்டு லீவில் பிள்ளைகளை மதுரைக்குக் கூட்டிப்போய் ‘ஜூடோபியா 2’ காட்டிவிட்டு வந்த செக்காலைத் தம்பி ஒருவர் கேட்ட ஒரு கேள்விதான் இதற்கெல்லாம் தொடக்கம். நான் சிங்கப்பூரில் ஒரு தீம் பார்க்கில் 11 வருஷம் ரைடு பராமரிப்பில் இருந்தவன், இப்போது காரைக்குடியில் லிஃப்ட் சர்வீஸ் பார்க்கிறேன் என்பது நம் ஆட்களுக்குத் தெரியும். அவருக்குப் பதில் சொல்லப்போக, தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர் என்று வரிசையாகக் கேள்விகள் வந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் எழுதிவிட்டேன்.

செக்காலைத் தம்பி: அண்ணே, கார்ட்டூன் படத்தின் இரண்டாம் பாகம் நன்றாக ஓடினால், இல்லை ஊத்திக்கொண்டால், பார்க்கில் இருக்கும் அந்தப் படத்து ரைடுக்கு என்ன ஆகும்?

உடனே ஒன்றும் ஆகாது தம்பி. ஒரு பெரிய ரைடு பேச்சில் தொடங்கித் திறப்பு விழா காண 4, 5 வருஷம் பிடிக்கும், படம் அந்த வேகத்தில் ஓடி முடிவதில்லை. நீங்கள் பார்த்த படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பாகம் 2016-இல் வந்து 100 கோடி டாலரைத் தாண்டியது. ஷாங்காய் டிஸ்னிலேண்டில், படத்தில் வரும் மிருகங்களின் ஊரையே கட்டப்போகிறோம் என்று 2019-இல் அறிவித்தார்கள், 2023 டிசம்பர் 20-இல் திறந்தார்கள். இரண்டாம் பாகம் தியேட்டருக்கு வந்தது 2025 நவம்பரில். ஊரைக் கட்டுவதாகச் சொன்னபோது இரண்டாம் பாகம் என்ற பேச்சே வெளியில் இல்லை, அதை 2023-இல்தான் சொன்னார்கள்.

‘ஃப்ரோசன்’ கதையும் இதேதான். அந்தப் படத்துக்கென்று ஹாங்காங் டிஸ்னி பார்க்கின் விரிவாக்கத் திட்டத்தை 2016 நவம்பரிலும் டோக்கியோ டிஸ்னி பார்க்கின் திட்டத்தை 2018-லும் அறிவித்துவிட்டார்கள், இரண்டாம் பாகம் 2019-இல்தான் வந்தது. ஹாங்காங்கில் 2023 நவம்பர், டோக்கியோவில் 2024 ஜூன் திறப்பு. இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. இரண்டாம் பாகம் ஏறக்குறைய 145 கோடி டாலர் வசூல், முதல் பாகத்தைவிட அதிகம். ஆனாலும் அதற்கு நாலரை வருஷம் கழித்துத் திறந்த டோக்கியோ படகில் ஏறி உட்கார்ந்தால் அது சொல்வது முதல் பாகத்தின் கதை. ஏனென்றால் படகில் இருக்கப்போவது சில நிமிஷம்தான், அதற்குள் பார்க்கிறவருக்கு ‘ஆமாம், இது தெரியும்’ என்று தோன்ற வேண்டும். முதல் பாகம்தான் பாட்டி முதல் பேத்தி வரை எல்லாருக்கும் மனப்பாடம். புதுக் காட்டையும் புதுப் பாட்டையும் படகில் வைத்து விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

இரண்டாம் பாகம் முதலில் தொடுவது கடையைத்தான். படம் வந்த வாரம் ரைடுக்கு ஆள் கூட்டுவதற்கு முன்னால் டி-ஷர்ட், முயல் காது, நரி வால் விற்கும் கவுண்டருக்கு ஆள் கூட்டுவார்கள். அதை நானே பார்த்திருக்கிறேன்.

தேவகோட்டையிலிருந்து ஒருவர்: ஓடினால் சரி. படம் மோசம் என்று பேர் வாங்கிவிட்டால்? அப்படி நடந்தது உண்டா?

உண்டு, அதுவும் பாடப் புத்தகத்தில் வைக்கிற மாதிரி. ‘கார்ஸ்’ முதல் பாகம் 2006. கலிஃபோர்னியாவில் டிஸ்னிக்கு ஒரு இரண்டாவது பார்க் உண்டு, 2001-இல் திறந்தது, திறந்த நாளிலிருந்து கூட்டம் சரியில்லை. அதைத் தூக்கி நிறுத்த 110 கோடி டாலர் செலவில் ஒரு திட்டம் போட்டு 2007-இல் அறிவித்தார்கள். அதில் பெரிய உருப்படி 12 ஏக்கரில் அந்தக் கார்களின் ஊர். வேலை பாதி நடக்கும்போது 2011-இல் இரண்டாம் பாகம் வந்தது. பிக்சார் கம்பெனி படம் என்றால் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்த விமர்சகர்களில் பெரும்பாலானவர்கள் முதல்முறையாகக் கைவிட்ட படம் அதுதான். ‘இனி அந்த ஊரைக் கட்டி யார் பார்ப்பது’ என்று அப்போது எங்கள் கேன்டீனில் கூட அடித்துச் சொன்னவர்கள் உண்டு, நானும் தலையாட்டினேன்.

2012 ஜூன் 15-இல் திறந்தார்கள். அந்த ஒரு வருஷத்தில் பார்க்கின் கூட்டம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிட்டது. செம்மண் மலை, பள்ளத்தாக்கு, நியான் விளக்குக் கடைத்தெரு, கடைசியில் இரண்டு கார் போட்டி போட்டுக்கொண்டு பறக்கும் ஓட்டம் என்று, படமே பார்க்காதவன் போனாலும் வாயைப் பிளக்கிற இடம். கானாடுகாத்தானில் பழைய செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள், அங்கே எடுத்த படம் நூறு நாள் ஓடியதா என்று விசாரித்துவிட்டா வருகிறார்கள்? ஆத்தங்குடிக் கல்லும் பர்மா தேக்குத் தூணும் இழுக்கிறது, வருகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே ஊரில் லூயிஜி என்ற பாத்திரத்தின் பேரில் காற்றில் மிதக்கும் டயர் ரைடு ஒன்று வைத்தார்கள், கீழேயிருந்து காற்று அடிக்கும், நாம் உடம்பைச் சாய்த்து நகர்த்த வேண்டும். அது 2015 தொடக்கத்திலேயே மூடப்பட்டது. படம் ஓடாததால் இல்லை. ஏறி இறங்கவே நேரம் போய்விடும், நகர்வதும் ஆமை வேகம், வரிசை கரையாது. அடுத்த வருஷமே அந்த இடத்தில் டான்ஸ் ஆடும் கார்களை வைத்தார்கள், அதிலும் அதே லூயிஜிதான். ரைடு மோசமாக இருந்தால் அதுவே தன்னைக் கெடுத்துக்கொள்ளும், படத்தின் மேல் பழி போடத் தேவையில்லை.

மூன்றாம் பாகம் 2017, மூன்றிலும் குறைந்த வசூல். ஆனால் இப்போது ஃப்ளோரிடாவில் மேஜிக் கிங்டம் பார்க்கில், 2025 ஜூலையில் பழைய ஆற்றையும் நடுவிலிருந்த தீவையும் மூடிவிட்டு, அந்த இடத்தில் இந்தக் கார்களுக்காகத்தான் வேலை நடக்கிறது. நம் முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைகளில் தகரப் பொம்மைக் கார் ஒன்று கிடந்தால் முதலில் யார் கை நீட்டுகிறார்கள் என்று பாருங்கள், காரணம் புரியும்.

கோட்டையூர், பாலிடெக்னிக் மாணவர்: சார், ஒரு படத்துக்குக் கட்டிய ரைடை இன்னொரு படத்துக்கு மாற்ற முடியுமா? எவ்வளவு வேலை?

எந்த மாதிரி ரைடு என்பதைப் பொறுத்தது. இருக்கை மட்டும் ஆடும், முன்னால் திரையில் படம் ஓடும் என்கிற வகை இருக்கிறதே, சிமுலேட்டர், அது தியேட்டர் மாதிரி. ஃப்ளோரிடாவில் யுனிவர்சல் பார்க்கில் ஒரே கட்டடம், 1990-இல் ஹன்னா-பார்பெரா கம்பெனிக் கார்ட்டூன்கள் ஓடின, 2003-இல் ஜிம்மி நியூட்ரான் என்ற கார்ட்டூன் பையன், 2012-இல் மினியன்கள் என்ற மஞ்சள் குட்டிப் பாத்திரங்கள். படத்தை மாற்றி, ஆட்டத்தை அதற்குத் தகுந்தபடி புரோகிராம் பண்ணி, முகப்பை மாற்றிவிட்டால் முடிந்தது.

படகு ரைடு அதைவிடக் கஷ்டம், ஆனால் செய்யலாம். ஃப்ளோரிடாவில் டிஸ்னியின் எப்காட் பார்க்கில் நார்வே நாட்டுக்கென்று 1988-இலிருந்து ஒரு படகு ரைடு இருந்தது. 2014 அக்டோபரில் நிறுத்தி, அதே கால்வாயை வைத்துக்கொண்டு பொம்மைகளை மாற்றி, 2016 ஜூனில் ‘ஃப்ரோசன்’ ரைடாகத் திறந்தார்கள். கோஸ்டர், அதாவது தண்டவாளத்தில் ஏறி இறங்கிப் பாய்கிற வண்டி என்றால் இரும்பை யாரும் தொடமாட்டார்கள். கலிஃபோர்னியாவில் 2001-இலிருந்து ஓடிய ஒரு கோஸ்டரை ‘இன்கிரெடிபிள்ஸ்’ கார்ட்டூன் படத்து கோஸ்டர் ஆக்கினார்கள், சுரங்கம், பாத்திரங்கள், பாட்டு, பெயிண்ட் மட்டும்தான் புதுசு. அந்தப் படத்தின் இரண்டாம் பாகம் 2018 ஜூன் 15, கோஸ்டர் திறப்பு ஜூன் 23. நாள் குறித்து, படத்தோடு சேர்த்து விடுவது என்பது இந்த மாதிரிப் பூச்சு வேலைக்குத்தான் சாத்தியம், அஸ்திவாரத்திலிருந்து கட்டுவதற்கு இல்லை.

பெயிண்ட்தானே என்று நினைக்காதே தம்பி. கோஸ்டரில் ஒரு சுரங்கம் புதிதாகச் சேர்த்தால், உள்ளே போகிறவன் கையைத் தூக்கினால் எங்கேயாவது படுமா என்று திரும்ப அளக்க வேண்டும். பிறகு தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பொம்மைகளைச் சீட்டில் கட்டி வெறுமனே ஓட்டிப் பார்ப்போம். எங்களுக்கு அந்தப் பொம்மைகளில் ஒன்று எப்போதும் ஒழுகும், நனைந்துகொண்டே துடைப்பது என் வேலை.

பள்ளத்தூர் ஆச்சி: தம்பி, என் மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். பேரன் சின்னவனாக இருக்கும்போது அங்கே சிங்கம், வரிக்குதிரை எல்லாம் வரும் படகில் போனான். இப்போது அது இல்லை என்கிறான். படம் ஓடவில்லையா?

நல்லாவே ஓடியது ஆச்சி, அதுதான் வேடிக்கை. அது சிங்கப்பூர் யுனிவர்சல் பார்க்கில் இருந்த ‘மடகாஸ்கர்’ படகு. படங்கள் 2005, 2008, 2012 என்று மூன்று வந்தன, அதில் மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் அதிக வசூல். ஆனால் அதற்கப்புறம் நாலாவது வரவில்லை. பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள், புதிதாகப் பிறந்த பிள்ளைகளுக்கு அந்தச் சிங்கத்தின் பேரே தெரியாது. 2022 மார்ச்சில் மூடிவிட்டு, அந்தப் பகுதியை மினியன்களுக்குக் கொடுத்து 2025 பிப்ரவரியில் திறந்தார்கள். மோசமான இரண்டாம் பாகம் பண்ணாத கேட்டை, பாகமே வராமல் இருப்பது பண்ணிவிடும்.

கண்டனூர்க்காரர்: நீங்கள் சொல்வது முழுக்கச் சரியில்லை அண்ணே. வசூல் முக்கியமே இல்லை என்றால் கம்பெனிகள் ஏன் இத்தனை பாகம் எடுக்கின்றன?

வசூல் முக்கியமில்லை என்று நான் சொன்னேனா? கட்டிமுடித்த ரைடை அது அசைக்காது என்றுதான் சொன்னேன். இன்னும் கட்டாத ரைடு என்றால் நீங்கள் சொல்வது சரி, அங்கே கடிவாளம் வசூலிடம்தான் இருக்கிறது. ‘லைட்இயர்’ படத்தைப் பாருங்கள், 2022. ‘டாய் ஸ்டோரி’ படத்தில் வரும் பஸ் லைட்இயர் என்ற விண்வெளி வீரன் பொம்மையின் மூலக்கதை என்று பெரிய செலவில் எடுத்தார்கள், உலகம் முழுக்க ஏறக்குறைய 22 கோடி டாலரோடு நின்றுவிட்டது. 1998-இலிருந்து ஃப்ளோரிடாவில் ஓடிய பஸ் லைட்இயர் துப்பாக்கி ரைடை அதற்காக யாரும் கைகழுவவில்லை, அதைப் புதுப்பிக்கத் தொடங்கியபோதும் பொம்மைக் கதையைத்தான் வைத்துக்கொண்டார்கள். ஆனால் அந்தப் படத்து விண்வெளி வீரனுக்கென்று ஒரு ரைடு? இன்றுவரை இல்லை. அதே ‘டாய் ஸ்டோரி’யின் நாலாம் பாகம் 2019-இல் 100 கோடி டாலர் தாண்டியது, அதற்கு முந்தின வருஷமே ஃப்ளோரிடாவில் அதற்கென்று தனிப் பகுதி திறந்தாயிற்று. மூலப்படத்தின் பெயர் கெட்டால்தான் பார்க் யோசிக்கும், கிளைக்கதை கெட்டால் கிளையை மட்டும் வெட்டிவிடும்.

மறுபடியும் கண்டனூர்க்காரர்: அப்படியானால் பாதி ஒத்துக்கொள்கிறீர்கள்.

பாதிதான்.

காரைக்குடி, வக்கீல் குமாஸ்தா: படம் ஒருவருடையது, பார்க் இன்னொருவருடையது என்றால் யார் முடிவெடுப்பது?

உங்களுக்கு நான் சொல்லவா! வளவு வீட்டில் 30 பங்கு இருந்தால் ஒரு கதவு மாற்ற எத்தனை கையெழுத்து வேண்டும்? டோக்கியோ டிஸ்னி பார்க்குகள் டிஸ்னியின் சொத்து இல்லை, ஓரியண்டல் லேண்ட் என்ற ஜப்பான் கம்பெனியுடையது, டிஸ்னிக்கு ராயல்டி போகிறது. ஸ்பைடர்மேன் மாதிரி சூப்பர் ஹீரோக்களை வைத்திருக்கும் மார்வெல் கம்பெனியை 2009-இல் டிஸ்னி வாங்கிவிட்டது, ஆனால் ஃப்ளோரிடாவில் அந்த வீரர்களின் பகுதி 1999-இலிருந்து எதிராளியான யுனிவர்சல் பார்க்கில்தான் இருக்கிறது, பழைய ஒப்பந்தம். படம் எவ்வளவு ஓடினாலும் அந்தப் பத்திரம்தான் பேசும்.

புதுவயல் தங்கச்சி: கூட்டம் இல்லாமல் பார்க்க எப்போது போகலாம் அண்ணே?

படம் வந்த மாதமும், ஜூன், டிசம்பர் சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறையும் வேண்டாம். செவ்வாய், புதன் நல்லது. கதவு திறக்கும் முன்பே வாசலில் நில்லுங்கள்.

அழகப்பா கல்லூரி மாணவர்: நம் ஊரில் ஏன் இப்படிப் படத்தை வைத்து ரைடு கட்டுவதில்லை?

வருத்தமான கேள்வி. 1940களில் ஏவி.எம். ஸ்டுடியோவே இருந்த ஊர் இது, மெய்யப்பச் செட்டியார் இந்த ஊர்க்காரர், அப்புறம்தான் அது சென்னைக்குப் போனது. சினிமா நமக்குப் புதுசில்லை. ஆனால் ரைடு ஒன்றைப் போட்டால் 20, 30 வருஷம் ஓட்ட வேண்டும், அத்தனை வருஷத்துக்கும் பிள்ளைகள் ஞாபகம் வைத்துக்கொள்கிற பாத்திரம் வேண்டும். நம் நாட்டில் நாயகன் பேரில்தான் படம் நிற்கிறது, பாத்திரத்தின் பேரில் இல்லை, அந்த நாயகனின் முகத்தை வைத்து ரைடு கட்டினால் ஒவ்வொரு வருஷமும் முக உரிமைக்குப் பேச வேண்டும். கார்ட்டூன் பாத்திரத்துக்குத்தான் வயசாகாது, சம்பளமும் கேட்காது. 2025 டிசம்பரில் திருப்போரூர்ப் பக்கம் திறந்த வொண்டர்லாவிலும் ரைடுகள்தான் பேர், படங்கள் இல்லை. அது தப்பென்று நான் சொல்லமாட்டேன், லைசென்ஸ் காசு மிச்சம், அதைப் பராமரிப்பில் போட்டால் எனக்குச் சந்தோஷம்.

பள்ளத்தூர் ஆச்சி மறுபடியும்: நீங்கள் எழுதியதைப் பேரனிடம் படித்துக் காட்டினேன் தம்பி. மினியன் எல்லாம் வேண்டாமாம், படகுதான் வேண்டுமாம். மே மாதம் போகிறோம்.

அதே பார்க்கில் ஜுராசிக் பார்க் பகுதியில் வட்டப் படகு ஒன்று இருக்கிறது ஆச்சி, அதைக் காட்டச் சொல்லுங்கள். வாசலில் உயரம் அளந்துதான் ஏற்றுவார்கள், பேரன் வளர்ந்துவிட்டான் என்றால் ஏறவிடுவார்கள். இடுப்பு வரை நனையும், மகனிடம் சொல்லி ஒரு மாற்றுச் சட்டையும் துண்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்கள் ஏற வேண்டாம், இறங்குகிற இடத்தில் நிழலில் பெஞ்சு இருக்கும்.